கல்யாண முருங்கையும் மாசிக்காயும்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாக இருக்கும்போது படியுங்கள்.

சேரன்மகாதேவி பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன என் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸப்பில் ஆறு படங்கள் அனுப்பியிருந்தாள். அவள் வீட்டுப் புறவாசலில் நிற்கிற மரம். இலைக்காம்புகள் வீங்கியிருக்கின்றன, இலைகள் சுருண்டு கிடக்கின்றன, இளந்தண்டில் கொத்துக் கொத்தாகக் கட்டிகள். கூடவே ஒரு குரல்பதிவு. "டீச்சர், இது என்ன மரம்னு பாத்துச் சொல்லுங்க. அத்தை கல்யாணமாகி வந்த வருசம் நட்டதாம். முருங்கைன்னு சொல்லுதாக, ஆனா முருங்கை மாதிரி இல்ல. தை மாசம் கொழுந்தனுக்குக் கல்யாணம் வச்சிருக்கு. பந்தக்காலுக்கு இதுலதான் கொம்பு வெட்டணும்னு அத்தைக்கு ஆசை. பக்கத்து வீட்டுல வந்து பாத்துட்டு, மரத்துக்குச் சீக்கு வந்துட்டு, இந்தக் கொம்பு நல்ல காரியத்துக்கு ஆகாது, மரத்தையே வெட்டிருங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாக. அத்தை ரெண்டு நாளா சரியா சாப்பிடல."

கேள்வி இரண்டு. மரம் எது, அதில் வந்திருக்கும் கட்டி எது. முதல் கேள்விக்கு அரை நிமிடத்தில் பதில் சொல்லிவிட்டேன். இரண்டாவதற்கு நம் வீட்டு மருந்துப்பெட்டி வரைக்கும் போய்வர வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

மரம் கல்யாண முருங்கை. முள்முருங்கை என்றும் சொல்வோம். கீரையும் காயும் தருகிற முருங்கைக்கும் இதற்கும் பெயரில்தான் உறவு. இது அவரை, அகத்தி, புங்கை எல்லாம் சேர்ந்த குடும்பம். அடையாளம் சுலபம். ஒரு காம்பில் மூன்று இலை, நடு இலை மற்ற இரண்டையும்விடப் பெரிது, அகலமானது. கிளைகளில் சின்னச் சின்னக் கறுப்பு முள். சாம்பல் நிறப் பட்டையில் நெடுக வெளிறிய கோடுகள். மாசி, பங்குனி வாக்கில் இலை உதிர்ந்த கிளை நுனியில் செக்கச் சிவந்த பூங்கொத்து வரும். பூ வந்துவிட்டால் மைனாவும் காக்கையும் தேன்சிட்டும் காலையிலேயே ஆஜர். நெற்று, மணி கோத்ததுபோல இடையிடையே இறுகியிருக்கும்.

புரச மரத்துக்கும் மூன்று இலை, சிவந்த பூ. அதனால் சிலர் குழம்புவார்கள். புரசில் முள் கிடையாது, அதன் காயில் நுனியில் ஒரே ஒரு விதைதான் இருக்கும். இந்த இரண்டும் போதும் பிரித்தறிய. பாடப்புத்தகப் பெயர் எரித்ரினா வேரிகேட்டா. எரித்ரோஸ் என்றால் கிரேக்கத்தில் சிவப்பு. பழைய புத்தகங்களில் எரித்ரினா இண்டிகா என்று இருக்கும், மரம் ஒன்றுதான்.

இந்த மரத்தின் பழைய பெயர் முருக்கு. மலையாளத்தில் இன்றைக்கும் முரிக்கு என்றுதான் சொல்கிறார்கள். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சான ஹோர்ட்டஸ் மலபாரிகஸ் என்ற பெரிய நூலில் இதே பெயரில் இதற்குப் படம் இருக்கிறது. நமக்கு அதற்கும் வெகு முன்பே சான்று உண்டு. புறநானூற்றின் 169-ஆம் பாட்டு பிட்டங்கொற்றன் என்ற தலைவனைப் பற்றியது. இளங்கோசர்கள் படைக்கலம் எறிந்து பழகுவதற்கு இலக்காக நட்டுவைத்த முருக்கு மரக் கம்பம் அதில் உவமையாக வருகிறது. முருக்கு என்பது புரசைக் குறிக்கும் என்று சொல்கிறவர்களும் உண்டு. அகராதியில் இரண்டு பொருளும் இருக்கின்றன. ஆனால் கல்யாண முருங்கைக் கட்டையை வெட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த உவமை சட்டென்று பிடிபடும். அவ்வளவு மெத்தென்ற மரம். விறகுக்கு ஆகாது, ஜன்னலுக்கு ஆகாது. எறிந்த வேல் முனை மழுங்காமல் குத்தி நிற்க இதைவிட நல்ல கம்பம் கிடையாது.

கட்டைக்கு ஆகாத மரத்தை ஏன் வீட்டுக்கு வீடு வைத்தார்கள்? இலைக்காக. இலையோடு பச்சரிசியும் மிளகும் சீரகமும் வைத்து அரைத்துச் சுட்ட அடை, சளி பிடித்த பிள்ளைக்கு எங்கள் வீட்டில் முதல் வைத்தியம். வேலிக்காகவும் வைத்தார்கள், முள் இருப்பதால் ஆடு மாடு நுழையாது. மலையாளக் கரையில் மிளகுக்கொடி ஏற்ற இதைத்தான் நடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, கல்யாணம்.

பந்தக்கால் என்பார்கள், அரசாணிக்கால் என்பார்கள், கன்னிக்கால் என்பார்கள். ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் பெயரும் முறையும் மாறும். பல குடும்பங்களில் அதில் கல்யாண முருங்கைக் கொம்பு இல்லாமல் இருக்காது. கல்யாணம் முடிந்ததும் கொம்பைப் புறவாசலில் ஊன்றித் தண்ணீர் விடுவார்கள். துளிர்த்தால் வந்த பெண்ணால் குடும்பம் தழைக்கும் என்று பேச்சு. இதில் நம் பெரியவர்களின் சாமர்த்தியம் ஒன்று இருக்கிறது. தலைகீழாக நட்டாலும் துளிர்த்துவிடுமோ என்று நினைக்கிற அளவுக்கு வம்புபிடித்த மரத்தைத் தேடிப் பிடித்து இந்தச் சோதனைக்கு வைத்திருக்கிறார்கள். வந்த பெண் தோற்கக் கூடாது என்ற நல்லெண்ணமாகத்தான் இருக்க வேண்டும்!

ஆக, அந்த அத்தைக்கு அது வெறும் மரம் இல்லை. அவர் இந்த வீட்டுக்கு வந்ததற்கு அதுதான் சாட்சி. அதைப் போய் "ஆகாது" என்று சொன்னால் சோறு இறங்குமா?

இனி கட்டிக்கு வருவோம்.

அது காய் இல்லை, பூஞ்சணம் இல்லை, மரம் தானாக வீங்கியதும் இல்லை. கடுகைவிடச் சின்னதாக, ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் ஒரு குளவி இருக்கிறது. குளவி என்றதும் பயப்பட வேண்டாம், இது மனிதரைக் கொட்டாது. பெண் குளவி இளந்தளிரிலும் இலைக்காம்பிலும் பச்சைத் தண்டிலும் ஊசி போன்ற உறுப்பைச் செருகி முட்டை வைக்கிறது. முட்டை பொரிந்து புழு உள்ளே இருக்கும்போது, அதைச் சுற்றி இருக்கிற செடியின் திசு தாறுமாறாகப் பெருகி வீங்குகிறது. அந்த வீக்கம்தான் புழுவுக்கு வீடு, சுவர்தான் சாப்பாடு. முட்டையிலிருந்து குளவியாவதற்கு ஏறக்குறைய 20 நாள். வளர்ந்ததும் சுவரில் வட்டமாக ஒரு ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே பறந்துவிடும். கட்டியைக் கையில் வைத்து லென்ஸால் பார்த்தால் ஊசியால் குத்தியதுபோல அந்த ஓட்டைகள் தெரியும்.

வீட்டைக் கட்டுவது மரம், குடியிருப்பது பூச்சி. இதுதான் இதில் உள்ள அதிசயம். ஒவ்வொரு பூச்சிக்கும் ஒவ்வொரு வடிவம். புங்க இலையில் விரல் விரலாக நிமிர்ந்து நிற்கும் கட்டிகளைப் பாளையங்கோட்டைச் சாலையோரப் புங்க மரத்திலேயே பார்க்கலாம். அதைச் செய்வது பூச்சிகூட இல்லை, கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் வகை, நான்கே கால் உள்ளது. மா இலையில் கொப்புளம் கொப்புளமாக வருவது ஒரு சிறு ஈயின் வேலை.

கார், பிசானம் என்று இரண்டு பூவும் நெல் போட்ட தாமிரபரணிக் கரைக் குடும்பங்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். ஆனைக்கொம்பன். கொசு மாதிரி ஒரு ஈ. அதன் புழு நெல்லின் தூருக்குள் புகுந்தால் அந்தத் தூர் கதிர் விடாது. வெங்காயத் தாள் மாதிரி உள்ளே பொள்ளலாக, வெள்ளி நிறத்தில் நீண்டு நிற்கும். பார்த்தால் யானைத் தந்தம். அந்தக் குழலும் இதே கணக்கில் வருகிற கட்டிதான். நம் சம்சாரிகள் அதற்குத் தந்தத்தின் பெயரை வைத்தார்கள். கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அப்படிப் பெயர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மேலே வரும்.

"ஆகாது" என்ற வார்த்தைதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஏனென்றால், பூச்சி வைத்த கட்டியை நாம் பிள்ளை பிறந்த வீட்டுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்திருந்தோம்.

உரைமருந்துப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். வசம்பு, சுக்கு, கடுக்காய், ஜாதிக்காய், மாசிக்காய். பிள்ளையைக் குளிப்பாட்டி முடித்ததும் பாட்டி கல்லில் ஒவ்வொன்றையும் இத்தனை இழைப்பு என்று எண்ணி உரைப்பார். (இப்போது குழந்தை மருத்துவர்கள் இதைக் கொடுக்கச் சொல்வதில்லை. நான் வரலாறு சொல்கிறேன், வைத்தியம் சொல்லவில்லை.) இதில் கடுக்காய் காய். ஜாதிக்காய் விதை. வசம்பும் சுக்கும் கிழங்கு. மாசிக்காய்?

மாசி மாதம் காய்க்கும் காய் என்று சொன்ன ஆசிரியர்களையே நான் பார்த்திருக்கிறேன். மாசிக்காய் எந்த மரத்திலும் காய்ப்பதில்லை. துருக்கி, சிரியா, ஈரான் பக்கம் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் குருத்தில் ஒரு குளவி முட்டை வைப்பதால் உருண்டையாகத் திரளும் கட்டி அது. சேரன்மகாதேவிக் கல்யாண முருங்கையில் வந்திருக்கிறதே, அதற்கு ஒன்றுவிட்ட சொந்தம். கெட்டியாக, பட்டாணியைவிடப் பெரிதாக, மேலே சின்னச் சின்ன முண்டுகளோடு இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் வாங்கும்போது புரட்டிப் பாருங்கள். சிலவற்றில் வட்டமாக ஒரு ஓட்டை இருக்கும். குளவி வெளியேறிய வழி. ஓட்டை விழாமல் கருநீலமாகவோ பச்சையாகவோ கனமாக இருப்பதுதான் உசத்திச் சரக்கு. ஓட்டை விழுந்து வெளுத்தது மட்டம். வியாபாரிகள் நூற்றாண்டுகளாக இப்படித்தான் தரம் பிரித்தார்கள். குளவி போன பிறகு துவர்ப்பு குறைந்துவிடும் என்பது அனுபவத்தில் தெரிந்த விஷயம்.

நல்ல மாசிக்காயின் எடையில் பாதிக்கு மேல் டானின் என்ற துவர்ப்புச் சத்துதான். புண்ணை ஆற்றும், வயிற்றுப்போக்கைக் கட்டும் என்று அதை மருந்தாக்கியது இதனால்தான். சரக்கு பாரசீக வளைகுடா வழியாகப் பம்பாய் வந்து நாடெங்கும் போனது. மேற்காசியாவோடு நம் பகுதிக்குப் பழக்கம் அதற்கு முந்தியது. தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த காயல் துறைமுகத்தில் ஹோர்முஸ், ஏடன் பக்கத்துக் கப்பல்கள் குதிரையும் மற்றச் சரக்கும் கொண்டுவந்து இறக்கியதை 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார்.

மாசிக்காயாவது வெளியூர்ச் சரக்கு. நம் மலையிலேயே விளைவது கடுக்காய்ப்பூ.

கடுக்காய் மரத்துக்குப் பூ உண்டு. வெளிறிய நிறத்தில், சின்னதாக, கதிர்போல வரும். கடையில் கடுக்காய்ப்பூ என்று நிறுத்துக் கொடுப்பது அந்தப் பூ இல்லை. இலை விரிகிற பருவத்தில் பூச்சி முட்டை வைத்து, இலை மடங்கி உப்பிப் பொள்ளலாக ஆகிவிட்ட கட்டி. காய்ந்தால் கொம்பும் கோணலுமாக, வாடிய பூ மாதிரியே இருக்கும். பார்த்தவர்கள் பூ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இதை எழுத்தில் தெளிவாகப் பதிந்தவர்களில் ஒருவர் வில்லியம் ராக்ஸ்பர்க். கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக வந்து, கோதாவரி பக்கம் சாமல்கோட்டையில் பல வருடம் இருந்து செடிகொடிகளை ஆராய்ந்தவர். அவருடைய சோழமண்டலக் கரைத் தாவரங்கள் நூல் 1795 தொடங்கி 1820 வரை மூன்று தொகுதிகளாக லண்டனில் வந்தது, கடைசிப் பகுதி வருவதற்குள் அவர் இறந்துவிட்டார். கடுக்காய் மரத்தைப் பற்றி எழுதும்போது, இலை விரியுமுன் பூச்சி குத்தி முட்டை வைப்பதால் இந்தக் கட்டி உண்டாவதாகச் சொல்கிறார்கள் என்று எழுதுகிறார். யார் சொல்கிறார்கள்? உள்ளூர் ஆட்கள்தான். அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பெயர் பூவாக இருந்தாலும் பறிக்கிறவன் கைக்கு அது பூச்சி வீடு என்று தெரியும்.

சோழமண்டலக் கரையில் துணிக்குச் சித்திரம் எழுதியவர்களுக்கு அழியாத மஞ்சள் நிறம் தந்தது இந்தக் கடுக்காய்ப்பூதான் என்கிறார் ராக்ஸ்பர்க். படிகாரம் சேர்த்தால் மஞ்சள், இரும்புச் சேறு சேர்த்தால் கறுப்பு. ஐரோப்பாவில் சீமாட்டிகள் போட்டி போட்டு வாங்கிய சீட்டித் துணிகளின் மஞ்சளுக்குப் பின்னால் ஒரு பூச்சி முட்டை வைத்த இலை இருந்திருக்கிறது. 1813-ல் சென்னையில் அச்சான விட்லா ஐன்ஸ்லியின் மருந்துச் சரக்கு நூலிலும் மாசிக்காய், கடுக்காய்ப்பூ இரண்டும் தமிழ்ப் பெயரோடு இருக்கின்றன.

மூன்றாவதாக ஒன்று உண்டு. கற்கடகசிங்கி. இருமல் லேகியங்களில் பெயரைப் பார்த்திருப்பீர்கள். கற்கடகம் என்றால் நண்டு, சிருங்கி என்றால் கொம்புள்ளது. பெயரைக் கேட்டால் ஏதோ பிராணியின் கொம்பு என்று தோன்றும். இமயமலைப் பக்கம் வளரும், பிஸ்தா குடும்பத்து மரம் ஒன்றின் இலையில் அசுவினி கட்டிய வீடு அது. உடைத்தால் உள்ளே பொள்ளல், செத்த அசுவினியின் தூள் கொட்டும்.

ஆக ஒன்று காய், ஒன்று பூ, ஒன்று கொம்பு, வயலில் நிற்பது தந்தம். நான்கும் பெயரில்தான் வேறு. திருநெல்வேலி டவுனில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் முதல் மூன்றையும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி மேசையில் வைத்துப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். எந்தப் பாடமும் இதற்கு ஈடாகாது.

நான் வேலையில் இருந்தபோது வகுப்பில் செய்துகாட்டுகிற ஒன்று உண்டு. மாசிக்காயை இடித்துத் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டினால் தேநீர் மாதிரி பழுப்பாக இருக்கும். அதில் அன்னபேதியைக் கரைத்து ஊற்றினால் கண் முன்னால் கறுத்துப் போகும். கொஞ்சம் கருவேலம்பிசின் சேர்த்தால் மை தயார். மாசிக்காய்க்குப் பதில் கடுக்காய் போட்டாலும் வரும். தொட்டு எழுதச் சொன்னால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். சட்டையில் பட்டால் போகாது, அடுத்த நாள் அம்மாக்கள் வந்து சண்டைக்கு நிற்பார்கள்.

ஐரோப்பாவில் பல நூற்றாண்டு முக்கியமான எழுத்தெல்லாம் இந்த மையில்தான். துவர்ப்பும் இரும்பும் காகிதத்தின் நாருக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். எழுதிய பிறகு காற்றுப்பட இன்னும் கறுக்கும். சுரண்டினாலும் தடம் போகாது. பத்திரம், ஒப்பந்தம், தேவாலயப் பதிவு எல்லாவற்றுக்கும் இதை நம்பினார்கள். குறையும் உண்டு. அமிலம் அதிகமான மை காலப்போக்கில் காகிதத்தையே அரித்து எழுத்து இருந்த இடத்தில் ஓட்டையாக்கிவிடும். நம் ஓலைச்சுவடிக்கு இந்தத் தொல்லை இல்லை, எழுத்தாணியால் கீறிக் கரியைத் தடவினால் போதும். காகிதம் பரவிய பிறகு நமக்கும் கடுக்காய் மை வந்தது. மாசிக்காயிலிருந்து ஒரு அமிலத்தை 1786-ல் ஷீலே என்ற ஸ்வீடன் வேதியியலார் பிரித்தெடுத்தார். காலிக் அமிலம் என்ற பெயரே இந்தக் கட்டிக்கான ஐரோப்பியச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

இவ்வளவு பயன்படுத்தினாலும், கட்டிக்குள் புழு எப்படி வந்தது என்பதில் ஐரோப்பியர்களுக்கே வெகுகாலம் குழப்பம். பிரான்செஸ்கோ ரெடியைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். 1668-ல், இறைச்சியில் புழு தானாகத் தோன்றுவதில்லை, ஈ முட்டை வைப்பதால்தான் வருகிறது என்று துணி மூடிய ஜாடியை வைத்துக் காட்டியவர். அதே ரெடி, மரக்கட்டிக்குள் இருக்கும் புழுவை மட்டும் மரத்தின் உயிர்ச்சக்தியே உண்டாக்குகிறது என்று நம்பினார். வெளியே ஓட்டை இல்லை, உள்ளே புழு இருக்கிறது, வேறு எப்படி யோசிப்பது? சில ஆண்டுகள் கழித்து, 1679-ல் போலோஞா நகர மருத்துவர் மால்பிகி கட்டிகளைப் பற்றித் தனியாக ஒரு பகுதியே எழுதினார். பூச்சி தளிரில் முட்டையைச் செருகுகிறது, திசு அதைச் சுற்றி வளர்ந்து வாயை மூடிக்கொள்கிறது என்று படத்தோடு காட்டினார். அதோடு அந்த விவாதத்தின் போக்கு மாறியது.

நம் நாட்டில் இந்தத் துறைக்குப் பெரிய பெயர் மகாதேவ சுப்பிரமணிய மணி (1908-2003). ஆக்ராவில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் பூச்சியியலை வளர்த்தவர். தாவரக் கட்டிகளின் சூழலியலைப் பற்றி 1964-லும், இந்தியத் தாவரங்களில் வரும் கட்டிகளைப் பற்றி 1973-லும் அவர் எழுதிய நூல்கள் உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படுகின்றன. சென்னை லயோலா கல்லூரியில் டி.என். அனந்தகிருஷ்ணன் இலைப்பேன்கள் உண்டாக்கும் கட்டிகளை ஆராய்ந்தார். இரண்டு பேரும் நம் பாடநூலில் ஒரு வரிகூட வரவில்லை என்பது எனக்குப் பழைய வருத்தம்.

ஆனால் சேரன்மகாதேவி மரத்தில் இருக்கிற குளவி பழைய விருந்தாளி இல்லை. அத்தை நட்ட மரம் இத்தனை வருடம் சுத்தமாகத்தான் இருந்திருக்கும். படங்களில் தெரிகிற மாதிரி இலைக்காம்பு தடித்துத் தளிர் சுருண்டு போவது குவாட்ராஸ்டிகஸ் எரித்ரினே என்ற குளவியின் கைவரிசை. அதன் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்கா. 2003 வாக்கில் ரியூனியன், மொரிஷியஸ் தீவுகளிலும் தைவானிலும் கல்யாண முருங்கை வகை மரங்கள் திடீரென்று வீங்கத் தொடங்கின. சிங்கப்பூரிலும் அதே கதை. அதுவரை பெயரில்லாத பூச்சி. 2004-ல்தான் அறிவியல் பெயர் வைத்தார்கள். 2005 ஏப்ரலில் ஹவாய் தீவில் கண்டார்கள். அதே 2005-ல் கேரளத்தில் முரிக்கு மரங்களில் பார்த்து, 2006-ல் கரண்ட் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். அந்த வருடமே அமெரிக்காவின் புளோரிடாவிலும். மூன்றே வருடத்தில் இந்துமாக்கடலையும் பசிபிக்கையும் தாண்டிவிட்டது, ஒன்றரை மில்லிமீட்டர் உயிர். கேரளத்தில் முரிக்கை நம்பி மிளகு ஏற்றியவர்கள் இதனால் கஷ்டப்பட்டார்கள்.

ஹவாயில் விலிவிலி என்று ஒரு மரம், நம் கல்யாண முருங்கைக்குத் தங்கை. அந்தத் தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாதது. குளவி வந்ததும் இலையெல்லாம் கொட்டி மரங்கள் சாக ஆரம்பித்தன. விதைகளைச் சேகரித்துப் பத்திரப்படுத்த ஓடினார்கள். பிறகு தான்சானியாவுக்குப் போய், இந்தக் குளவியின் புழுவைத் தின்னும் இன்னொரு குளவியைத் தேடிப் பிடித்து, வேறு எதையும் தின்னாது என்று சோதித்து உறுதிசெய்து, 2008 நவம்பரில் காட்டில் விட்டார்கள். இலைச் சேதம் வெகுவாகக் குறைந்தது. பூவிலும் நெற்றிலும் வரும் கட்டி முழுவதும் ஒழியவில்லை, ஆனால் மரங்கள் மறுபடி பசுமை கண்டன.

பழைய கட்டிகளுக்கும் இதற்கும் வித்தியாசம் இங்கேதான். மாசிக்காய்க் குளவியும் ஓக் மரமும் நெடுங்காலம் ஒன்றாக வாழ்ந்தவை. அந்தக் குளவிக்குப் பகையான பூச்சிகளும் அதே காட்டில் இருக்கின்றன. நம் கல்யாண முருங்கைக்கு வந்ததோ, தன் எதிரிகளை ஊரிலேயே விட்டுவிட்டு வந்த குளவி. அதனால்தான் மரம் இப்படித் திணறுகிறது. "சீக்கு" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது பாதி சரி. "ஆகாது" என்றதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மாணவிக்கு எழுதியதை அப்படியே இங்கேயும் தருகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும். மரத்தை வெட்ட வேண்டாம். கட்டி உள்ள இளங்கிளைகளை மட்டும் கழியுங்கள். கழித்ததைக் குப்பையில் போட்டால் உள்ளே இருக்கும் குளவி வெளியே வந்துவிடும். அன்றைக்கே எரித்துவிடுங்கள், அல்லது ஆழமாகப் புதையுங்கள். ஓட்டை விழாத கட்டிதான் முக்கியம், உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டை விழுந்தது காலி வீடு, மாசிக்காய்க்குச் சொன்ன அதே கணக்கு. புதுத் துளிர் வரும்போது மறுபடி பாருங்கள், ஒரு தடவையோடு முடியாது. அடைக்கு இலை பறிப்பதென்றால் வீங்காத இலையாகப் பார்த்துப் பறிக்கலாம்.

பந்தக்காலுக்குக் கொம்பு தாராளமாக வெட்டலாம். குளவி பச்சைத் தளிரில்தான் முட்டை வைக்கும், முற்றிய கட்டையைத் தொடாது. மணிக்கட்டுப் பருமனுள்ள முற்றின கொம்பாக எடுத்து, நுனிப் பச்சையை நறுக்கி, இலையையெல்லாம் உருவிவிட்டு, ஒரு கட்டியும் இல்லை என்று பார்த்து நடுங்கள். கல்யாணம் முடிந்து அதை உங்கள் வீட்டிலேயே ஊன்றிக்கொள்ளுங்கள். சொந்தக்காரர்கள் கேட்டாலும் தளிரோடு கிளை ஒடித்து வேறு ஊருக்குக் கொடுத்துவிட வேண்டாம். இந்தக் குளவி பரவும் வழிகளில் அதுவும் ஒன்று.

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், ஸ்ரீவைகுண்டம் பக்கத்து நண்பர்கள் உங்கள் தெருவில் கல்யாண முருங்கை இருந்தால் ஒருநடை போய்ப் பாருங்கள். கட்டி இருக்கிறதா இல்லையா, எந்த மாதம் பார்த்தீர்கள், மரம் வைத்து எத்தனை வருடம் என்று எழுதுங்கள். இலையின் அடிப்பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்தால் நல்லது.